பாவசங்கீர்த்தனம் இல்லாத மன்னிப்பு

நவம்பர் 2ஆம் நாள் நமக்குக் கல்லறைத் திருநாள். புல் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, செவ்வந்தி மாலை சாத்தி, மெழுகுதிரி ஏற்றி மக்கள் குடும்பம் குடும்பமாகக் காத்து நிற்பார்கள். குருவானவர் தீர்த்தம் தெளித்து ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டே போவார். ஆண்டு முழுவதும் கோவில் வாசலை மிதிக்காதவர்களைக்கூட அன்று மாலை கல்லறைத் தோட்டத்தில் காணலாம். இறந்தோர் மீது நம் மக்கள் கொண்டுள்ள பற்று அத்தகையது.

அதே நாளை ஐக்கிய நாடுகள் அவையும் ஒரு காரணத்திற்காகக் குறித்து வைத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் கிடால் என்னும் நகரத்தில், பிரெஞ்சு வானொலியைச் சேர்ந்த கிஸ்லேன் துப்போன் என்ற பெண் செய்தியாளரும் குளோது வெர்லோன் என்ற ஒலிப்பதிவாளரும் ஒருவரைப் பேட்டி கண்டு திரும்பும் வேளையில் கடத்திச் செல்லப்பட்டு, ஊருக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரிலேயே ஐ.நா. பொதுப்பேரவை, செய்தியாளர்களைக் கொல்வோர் தண்டனைக்குத் தப்பிவிடும் நிலையை முடிவுக்குக் கொண்டுவர உலகம் உறுதி பூணும் நாளாக நவம்பர் 2ஐ அறிவித்தது. தீர்மானம் எழுதியவர்கள் நம் வழிபாட்டு நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆயினும் இரண்டும் ஒரே நாளில் வந்து அமைந்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. கொல்லப்பட்ட செய்தியாளர்களின் வழக்குகளில் 85 விழுக்காடு தீர்க்கப்படாமலே கிடக்கின்றன என்று யுனெஸ்கோ நிறுவனம் 2024இல் கணக்குச் சொன்னது. கல்லறை இருக்கிறது, மாலை இருக்கிறது, கொன்றவர் பெயர் மட்டும் எந்த ஏட்டிலும் இல்லை.

இதை மனத்தில் கொண்டு, சென்ற ஆண்டுக் கல்லறைத் திருநாள் திருப்பலியில் விசுவாசிகள் மன்றாட்டுகளோடு ஒன்றைச் சேர்த்திருந்தேன். உண்மையை எழுதியதற்காகவும் எளியவர் சார்பில் பேசியதற்காகவும் கொலையுண்டோருக்காக மன்றாடுவோம். அவர்களைக் கொன்றோர் நீதியின்முன் நிறுத்தப்பட மன்றாடுவோம் என்பது அதன் கருத்து. பூசை முடிந்து உடுப்பு மாற்றும் அறைக்கு வந்தபோது எங்கள் உபதேசியார் பின்னாலேயே வந்தார். எழுபதைக் கடந்தவர். மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்றுக் கொடுத்தவர்.

"சாமி, ஒண்ணு கேக்கலாமா? நாம மன்னிக்கச் சொல்லித்தானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்குறோம். ராணி மரியா சிஸ்டரைக் கொன்னவனுக்கு அவங்க தங்கச்சி ராக்கி கட்டலையா? அப்படியிருக்க, கொன்னவனப் புடிக்கணும்னு கோவில்லயே மன்றாட்டு வச்சா எப்படி, சாமி?"

"நல்ல கேள்வி, உபதேசியாரே. நின்னுக்கிட்டே பதில் சொல்ற கேள்வி இல்லை" என்றேன். இக்கட்டுரை அவருக்கு நான் தரும் பதில்.

அவர் கேட்டதில் குறையொன்றுமில்லை. நம்மில் பலருடைய மனத்தில் உள்ளதைத்தான் அவர் வாய் திறந்து கேட்டார். ஆகவே அவர் சொன்ன எடுத்துக்காட்டிலிருந்தே தொடங்குகிறேன். கேரளத்தில் பிறந்து மத்தியப் பிரதேசத்தில் பணியாற்றிய சகோதரி ராணி மரியா, நிலமற்ற பழங்குடி மக்களை வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து மீட்க உழைத்தவர். 1995 பிப்ரவரி 25ஆம் நாள் ஓடும் பேருந்தில் பயணிகள் முன்னிலையில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய தங்கை, அவரும் துறவியே, 2002இல் கொலையாளிக்கு ராக்கி கட்டி அவரைத் தம் சகோதரராக ஏற்றார். எங்கே கட்டினார்? இந்தூர்ச் சிறைச்சாலையில். அதற்குள் அம்மனிதரின் பெயர் ஊருக்குத் தெரிந்திருந்தது; நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து ஆயுள் தண்டனை விதித்திருந்தது; ஆண்டுகள் பலவற்றைச் சிறையில் கழித்து அவர் மனம் வருந்தியிருந்தார். பின்னர் குடும்பத்தாரே அவர் விடுதலைக்காகப் பரிந்து பேசினார்கள். 2006இல் அவர் வெளியே வந்தார். கொலை செய்தவர் யார் என்பதே தெரியாதிருந்தால் அந்தத் தங்கை யாருடைய கையில் ராக்கியைக் கட்டியிருப்பார்?

உபதேசியார் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கும் பழைய பாடம் ஒன்று உண்டு. நல்ல பாவசங்கீர்த்தனத்திற்கு வேண்டிய காரியங்கள் ஐந்து. ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிப் பாவம் செய்வதில்லை என்னும் பிரதிக்கினை, குருவிடம் பாவத்தை வெளிப்படுத்துதல், பரிகாரம். குருமடத்தில் இதையே நாங்கள் இலத்தீன் சொற்களோடும் சங்க ஏடுகளோடும் ஓர் ஆண்டு முழுவதும் படித்தோம். சாரம் இந்த ஐந்தைத் தாண்டிப் போகவில்லை. கடவுளின் இரக்கத்திற்கு எல்லையில்லை என்று கற்பிக்கும் அதே திருச்சபை, களவாடிய பொருளை வைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்பவனைப் பார்த்து, முதலில் அதைத் திருப்பிக் கொடு என்கிறது. திருப்பிக் கொடுக்க இயன்றும் கொடாதவனின் மனஸ்தாபம் வெறும் பாசாங்கு என்று புனித அகுஸ்தினார் மசெதோனியுஸ் என்ற அதிகாரிக்கு எழுதிய மடலில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பணத்தைத் திருப்பித் தரலாம். உயிரை எப்படித் திருப்பித் தருவது? முடியாது. ஆனால் ஒன்றைத் தர முடியும்: உண்மையை. நான்தான் செய்தேன், இன்னார் சொல்லித்தான் செய்தேன் என்பதைச் சொல்ல முடியும். கொலையுண்டவரின் வீட்டாருக்கு இவ்வுலகில் கொடுக்கக்கூடிய பரிகாரம் பெரும்பாலும் அது ஒன்றுதான். அதையும் மறுத்துவிட்டு, நடந்ததை மறந்துவிடுங்கள், மன்னித்துவிடுங்கள் என்று கேட்பதை நம் சமயமொழியில் என்னவென்று அழைப்பது? பாவசங்கீர்த்தனம் இல்லாமலே பாவமன்னிப்புக் கேட்பது என்றுதான் அழைக்க வேண்டும்.

அப்படிக் கேட்ட அரசுகள் உண்டு. எல் சால்வதோர் நாட்டின் பேராயர் ரொமேரோ ஞாயிறுதோறும் தம் மறையுரையில், அந்த வாரத்தில் கொல்லப்பட்டவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர்களை வாசிப்பார். மறைமாவட்ட வானொலி அதை நாடெங்கும் ஒலிபரப்பும். செய்தித்தாள்கள் எழுத அஞ்சியதை ஓர் ஆயர் பலிபீடத்தருகே நின்று செய்தியாக வாசித்தார். 1980 மார்ச் 24ஆம் நாள் திருப்பலி நிறைவேற்றும்போதே சுடப்பட்டு மடிந்தார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1993 மார்ச்சில், ஐ.நா. அமைத்த உண்மை ஆணைக்குழு அக்கொலைக்கு ஆணையிட்டவர் யார் என்பதைப் பெயர் குறிப்பிட்டே அறிக்கை வெளியிட்டது. ஐந்தே நாட்களில் அந்நாட்டுச் சட்டமன்றம் பொதுமன்னிப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ஐந்து நாட்கள்! அறிக்கையை முழுவதும் படித்து முடிக்கக்கூட அவகாசம் போதுமா என்று தெரியவில்லை. 2016இல் அந்நாட்டு உச்சநீதிமன்றமே அச்சட்டம் செல்லாது என்றது. 2018இல் ரொமேரோவைத் திருச்சபை புனிதராக உயர்த்தியது. அவர் கொலைக்காக அந்நாட்டில் ஒருவர்கூடத் தண்டிக்கப்பட்டதில்லை.

அண்டை நாடான குவாத்தமாலாவில் நடந்ததை நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கே 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர். மாண்டோரும் காணாமற்போனோரும் 2 இலட்சத்திற்கு மேல் என்பது பின்னர் அமைந்த ஆணைக்குழுவின் மதிப்பீடு. பெரும்பாலோர் மாயா இன உழவர்கள். 1974இல் கிச்சே மறைமாவட்டத்தின் ஆயராகப் பொறுப்பேற்ற ஹுவான் ஹெரார்டி, தம் குருக்களும் வேதியர்களும் ஒவ்வொருவராகக் கொல்லப்படுவதைக் கண்டார். தம்மையும் கொல்லப் பதுங்கியிருந்தவர்களிடமிருந்து தப்பினார். 1980இல் ஓர் ஆயர் எளிதில் செய்யத் துணியாத செயலைச் செய்தார்: எஞ்சியோரைக் காக்க மறைமாவட்டத்தையே மூடிவிட்டு எல்லாரையும் வெளியேறச் சொன்னார். மேய்ப்பன் மந்தையைக் கைவிட்டான் என்று பேசியவர்களும் இருந்திருப்பார்கள். அதன்பின் உரோமைக்குச் சென்று திரும்பியவரை அரசு நாட்டுக்குள் விடவில்லை. இரண்டாண்டுகள் கோஸ்தா ரிக்காவில் புலம்பெயர்ந்து வாழ்ந்தார்.

திரும்பி வந்து தலைநகரின் துணை ஆயரான பிறகு, உயர்மறைமாவட்ட மனித உரிமை அலுவலகத்தை உருவாக்கி நடத்தினார். போர் முடியும் தறுவாயில் ஒரு பெரும் பணியைத் தொடங்கினார். பங்குகளிலிருந்து தேர்ந்தெடுத்த சாதாரண மக்களுக்குப் பயிற்சியளித்து, ஒலிப்பதிவுக் கருவியோடு மலைக் கிராமங்களுக்கு அனுப்பினார். மாயா மொழிகள் பலவற்றில் ஆயிரக்கணக்கான மனிதர்கள் தம் வாழ்வில் முதன்முறையாக, தம் கண்முன் நடந்ததைச் சொன்னார்கள். யார் வந்தார்கள், யாரைக் கொன்றார்கள், எங்கே புதைத்தார்கள் என்று சொன்னார்கள். நான்கு தொகுதிகளாக அமைந்த அவ்வறிக்கையில் 55,021 பேருக்கு நேர்ந்தவை பதிவாகியுள்ளன. பெரும்பங்குக் குற்றம் இராணுவத்தையும் அதன் துணைப் படைகளையும் சாரும். கெரில்லாக்களும் செய்தார்கள் என்பதையும் அது மறைக்கவில்லை. 1998 ஏப்ரல் 24ஆம் நாள் பேராலயத்தில் அதை வெளியிட்டு ஆயர் ஆற்றிய உரையில், உண்மையை அறிவது வலிக்கும், எனினும் அதுவே நலம் தரும், விடுதலை தரும் என்ற கருத்தை வலியுறுத்தினார்.

மறுநாள் சனி. அதற்கடுத்த ஞாயிறு இரவு, புனித செபஸ்தியார் ஆலயத்தின் பங்கு இல்லத்தில், வாகனம் நிறுத்தும் இடத்தில், அவர் தலையைக் கான்கிரீட் கல்லால் நொறுக்கிக் கொன்றார்கள். அவருக்கு வயது 75. முகம் சிதைந்திருந்ததால், விரலிலிருந்த ஆயர் மோதிரத்தைக் கொண்டே அடையாளம் கண்டார்கள். குடியரசுத் தலைவர் மாளிகை அங்கிருந்து சில தெருக்கள் தள்ளித்தான் இருக்கிறது.

தண்டனைக்குத் தப்பும் கலை எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய விரும்புவோர் அதற்குப் பின் நடந்தவற்றைப் படிக்க வேண்டும். முதலில் தெருவில் படுத்திருந்த ஓர் ஏழையைப் பிடித்தார்கள். அது நிலைக்கவில்லை. பிறகு, ஆயரைக் கடித்துக் கொன்றது அந்த இல்லத்தில் வளர்ந்த நாய் என்றார்கள். வயது முதிர்ந்த, நடக்கவே தடுமாறும் நாய். அந்தக் கதைக்காகப் புதைத்த உடலைத் தோண்டியெடுத்து மறுபடி சோதித்தார்கள். பற்குறி எதுவும் இல்லை. கூடவே, ஒழுக்கக்கேட்டால் விளைந்த கொலை என்ற வதந்தி ஊரெங்கும் உலவியது. வழக்கறிஞர் ஒருவர் உயிருக்கு அஞ்சி நாட்டைவிட்டு ஓடினார். சாட்சிகள் சிலர் மாண்டனர், சிலர் நாடு கடந்தனர். விசாரணை தொடங்கும் தறுவாயில் நீதிபதி ஒருவரின் வீட்டில் கையெறி குண்டுகள் வெடித்தன. அந்தப் பெண் நீதிபதி மறுநாளும் நீதிமன்றத்திற்கு வந்தார்.

2001 ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. ஓய்வுபெற்ற இராணுவக் கர்னல் ஒருவர், கேப்டனான அவருடைய மகன், குடியரசுத் தலைவரின் பாதுகாப்புப் பிரிவில் இருந்த சார்ஜண்டு ஒருவர் ஆகியோருக்கு 30 ஆண்டுச் சிறை. உடந்தையாயிருந்தார் என்று அதே பங்கு இல்லத்தில் வாழ்ந்த குருவானவர் ஒருவருக்கு 20 ஆண்டுகள். தாம் குற்றமற்றவர் என்றே அவர் கூறிவந்தார். ஒரு குருவாக இந்த வரியை எழுதக் கை தயங்குகிறது. எழுதாமல் விட்டால் இக்கட்டுரைக்கே பொருளில்லாமல் போகும். மேல்முறையீடுகளில் தண்டனைகள் பின்னர் குறைந்தன. சார்ஜண்டு 2003இல் சிறைக் கலவரத்தில் கொல்லப்பட்டார். கேப்டனும் 2016இல் சிறைக்குள்ளேயே கொல்லப்பட்டார். கொலைக்கு ஆணையிட்டவர் என்று எவரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை.

இந்த அளவுக்கேனும் நீதி கிடைக்க வழிகாட்டிய பெண்மணி ஒருவர் உண்டு. அவருடைய அக்கா மிர்னா மாக் ஒரு மானிடவியல் அறிஞர். போரினால் ஊரிழந்து காடுகளில் அலைந்த மாயா மக்களைப் பற்றி ஆய்ந்து எழுதியவர். 1990 செப்டம்பர் 11ஆம் நாள் அவரது அலுவலக வாசலில் 27 இடங்களில் கத்தியால் குத்திக் கொன்றார்கள். வழிப்பறிக் கொள்ளை என்றது அரசு. இல்லை, இது இராணுவத்தின் வேலை என்று கண்டறிந்த காவல்துறைப் புலனாய்வாளர் அடுத்த ஆண்டே சுட்டுக் கொல்லப்பட்டார். தங்கை ஹெலன் மாக் விடவில்லை. நீதிபதி மாறுவார், மீண்டும் போவார். கோப்பு காணாமற்போகும், மீண்டும் கேட்பார். குத்திய முன்னாள் சார்ஜண்டு 1993இல் தண்டனை பெற்றார். இவரும் அதே பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்தவர்தான். ஆணையிட்ட கர்னலுக்கு 2002இல் 30 ஆண்டுச் சிறை விதித்தார்கள், மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார், 2004 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதி செய்தபோது கர்னல் தலைமறைவாகிவிட்டார்.

லூக்கா நற்செய்தியில் நேர்மையற்ற நடுவரிடம் ஓயாமல் போய் நின்ற கைம்பெண்ணின் உவமையை விடாமல் செபிக்க வேண்டும் என்பதற்கே நாம் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். நானும் அப்படித்தான் பல ஞாயிறுகளில் பேசியிருக்கிறேன்; நற்செய்தியாளரே அப்படித்தான் தொடங்குகிறார். ஆனால் அந்தக் கைம்பெண் கேட்டது என்ன? உதவித்தொகை கேட்கவில்லை, ஆறுதல் கேட்கவில்லை. தன் எதிராளியைத் தண்டித்து நீதி வழங்கும்படி கேட்டாள். அவளிடம் போய், அம்மா, மன்னித்துவிட்டு வீட்டுக்குப் போ என்று இயேசு பெருமான் சொன்னதாக உவமையில் இல்லை.

எழுதுகிறவனையும் எளியவனுக்காகப் பேசுகிறவனையும் கொல்வது ஏனைய கொலைகளைப் போன்றதன்று என்று நான் கருதுவதற்குக் காரணம் உண்டு. மற்ற உயிர்கள் மலிவானவை என்று சொல்லவில்லை. ஒரு சாட்சியைக் கொன்றால் அவன் அறிந்த குற்றங்கள் அனைத்தும் அவனோடு புதைந்துவிடுகின்றன. அவனைப் பார்த்து வாய் திறக்க நினைத்த நூறு பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். உயிரைக் கொடுத்து விசுவாசத்தைக் காத்தவரை மறைசாட்சி என்று தமிழில் அழகாகச் சொன்ன முன்னோர், அச்சொல்லுக்குள்ளேயே சாட்சியை வைத்துவிட்டார்கள்.

நாபோத்தின் கதையை நினைத்துப் பாருங்கள். திராட்சைத் தோட்டத்தைத் தர மறுத்தவனைக் கொல்ல ஈசபேல் அரசி இருட்டில் ஆள் அனுப்பவில்லை. அரச முத்திரையிட்ட மடல் எழுதினாள், பொய்ச்சாட்சிகளை அமர்த்தினாள், அவன் கடவுளையும் அரசனையும் பழித்தான் என்று ஊர்ப்பெரியோர் முன்னிலையில் சொல்ல வைத்தாள். அதன்பிறகே கல்லெறிந்தார்கள். உடலுக்கு முன்னால் பெயரைக் கொல்ல வேண்டும் என்பதை அவள் அறிந்திருந்தாள். குவாத்தமாலாவில் நாயைக் காட்டியதும் ஒழுக்கத்தைக் குறை சொன்னதும் அதே உத்தி. நம் ஊர்களில் மட்டும் என்னவாம்? மணல் கடத்தலையோ கல்குவாரியையோ எதிர்த்து மனு கொடுத்தவன் அடிபட்டுக் கிடந்தால், பொழுது விடிவதற்குள், கொடுக்கல் வாங்கல் தகராறாம், பெண் விவகாரமாம் என்று பேச்சு பரவிவிடுகிறது. தேநீர்க் கடையில் மட்டுமன்று, கோவில் முற்றத்திலும்தான். கொலையாளி செய்ய வேண்டிய வேலையில் பாதியைக் கூலியில்லாமல் ஊரே செய்து கொடுத்துவிடுகிறது.

தண்டனை என்ற சொல்லைக் கேட்டாலே உபதேசியாருக்குத் தூக்குக் கயிறு கண்முன் வருகிறது போலும். அவருக்குக் காயினை நினைவூட்ட விரும்புகிறேன். ஆபேல் இறந்தபின் கடவுள் முதலில் செய்தது ஒரு கேள்வி கேட்டது: உன் சகோதரன் எங்கே? அதன்பின் குற்றத்தை அவன் முகத்துக்கு நேரே சொன்னார், தண்டனையும் விதித்தார். அதற்கும் பிறகே, யாரும் அவனைக் கொல்லாதிருக்க அவன்மேல் ஓர் அடையாளம் இட்டார். பழிவாங்கலை அவர் தடுத்தார், விசாரணையைத் தவிர்க்கவில்லை. இந்த வரிசையை மாற்றி, கேள்வியே கேட்காமல் அடையாளத்தை மட்டும் இட்டுக் காயினை அனுப்பி வைப்பதைத்தான் அரசுகள் செய்கின்றன.

இது தலைவிதியும் அன்று. 2023 ஏப்ரல் 25ஆம் நாள் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பரிலேயே மாவட்ட நீதிமன்றம் இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஐந்து மாதங்கள்தான். அவர் அரசு ஊழியர், அதனால் விரைவாக நடந்தது என்று சொல்வோர் உண்டு. இருக்கலாம். அப்படியானால் மனது வைத்தால் முடியும் என்பதுதானே அதன் பொருள்? அரசு ஊழியரல்லாத மனுதாரருக்கும் சிறுபத்திரிகைச் செய்தியாளருக்கும் அதே ஐந்து மாதங்கள் ஏன் கிடைப்பதில்லை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

குவாத்தமாலா நகரப் பேராலயத்தின் முகப்பில் வரிசையாகத் தூண்கள் நிற்கின்றன. ஆயர் ஹெரார்டி தொகுத்த அறிக்கையில் உள்ள கொல்லப்பட்டோர், காணாமற்போனோர் ஆயிரக்கணக்கானவரின் பெயர்களை அத்தூண்களில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கிச்சேயில் அவருடைய காலத்திலும் அதையொட்டியும் கொல்லப்பட்ட மூன்று குருக்களையும், பன்னிரண்டு வயதுச் சிறுவன் உட்பட ஏழு பொதுநிலையினரையும் 2021 ஏப்ரலில் திருச்சபை அருளாளர்களாக அறிவித்தது.

அந்நாட்டு மக்களும் நவம்பர் முதல் நாட்களில் கல்லறைத் தோட்டங்களில்தான் கூடுகிறார்கள். சும்பாங்கோ, சாந்தியாகோ சக்காதெபெக்கெஸ் என்னும் ஊர்களில், மூங்கிலும் வண்ணக் காகிதமும் கொண்டு வீட்டளவு உயரமான வட்டப் பட்டங்களை மாதக்கணக்கில் உழைத்துச் செய்து, இறந்தோரோடு பேசுவதற்காக அவற்றை நிமிர்த்தி வைக்கிறார்கள். சிறிய பட்டங்களைப் பிள்ளைகள் கல்லறைகளின்மேல் ஏறி நின்று பறக்க விடுகிறார்கள். பெரிய பட்டங்கள் சிலவற்றில், பூக்களுக்கும் பறவைகளுக்கும் நடுவே, நீதி கேட்கும் வாசகங்களும் எழுதப்பட்டிருக்கும்.